தாழியை உடைத்ததாக எழுதியவள்

அன்புள்ள யானா நவோத்னா அவர்களுக்கு,

செக் டென்னிஸ் வீராங்கனையான உங்களை எங்கள் பத்திரிகையில் 'ஜானா' என்றே எழுதி வந்தோம். ஆங்கிலத் தந்தியில் 'ஜே' எழுத்தைக் கண்டால் தமிழில் 'ஜ' போட்டுவிடுவது எங்கள் விளையாட்டு மேசையின் வழக்கம். உங்கள் ஊரான பிர்னோவில் அதை 'ய' என்று ஒலிப்பார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தபோது, நீங்கள் ஆட்டத்தை விட்டே சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருத்த வேண்டியவற்றில் இது சிறியது. பெரியதை எழுத, 2017இல் நீங்கள் மறைந்த நாளான நவம்பர் 19 அன்று ஒவ்வோர் ஆண்டும் உட்காருவேன். இரண்டு வரிகளுக்கு மேல் ஓடாது. இந்த ஆண்டு வீடு மாற்றுவதற்காகப் பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அந்தச் செய்தித்தாள் துணுக்கு கைக்கு வந்தது. இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

1993 ஜூலை 3, சனிக்கிழமை. விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டி. எங்களுக்கு மாலை ஆறரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கடைசி செட்டில் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃபை விட 4-1 என்று நீங்கள் முந்தியபோது வெளியூர்ப் பதிப்புக்கு நேரம் நெருங்கிவிட்டதால், 'விம்பிள்டனுக்குப் புதிய ராணி' என்ற தலைப்பையும் முதல் இரண்டு பாராக்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். காலிறுதியில் சபாட்டினியையும் அரையிறுதியில் நவரத்திலோவாவையும் வீழ்த்தி வந்தவர் இனி என்ன தோற்கப்போகிறார் என்ற தைரியம்தான். 40-30. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. முதல் சர்வீஸ் தவறியது. இரண்டாவதையும் நீங்கள் முதல் சர்வீஸைப் போலவே ஓங்கி அடித்தீர்கள். பந்து கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய் விழுந்தது. பிறகு கைக்கு வாகாக உயர்ந்து வந்த பந்தைத் தரையில் படுமுன் அடித்த வாலி வெளியே போனது, ஸ்மாஷ் வலையில் விழுந்தது. 4-3 என்றிருந்த ஆட்டத்தில் மட்டும், இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளியை இழக்கும் டபுள் ஃபால்ட் மூன்று. கடைசியில் கோப்பை கிராஃபுக்குப் போனது. நான் எழுதிய தாளை நானே கிழித்தேன்.

பரிசளிப்பின்போது கெண்ட் கோமகள் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்கள் சிரிக்க முயன்றீர்கள், முகம் கோணியது, அடுத்த நொடி அவர் தோளில் சாய்ந்துவிட்டீர்கள். எங்கள் அறையில் சிரிப்பு எழுந்தது. அன்று அங்கே இருந்தவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள் என்பதால், யார் சிரித்தார், என்ன சொன்னார் என்று எழுதப் போவதில்லை. அந்த மேசையில் நான் ஒருத்திதான் பெண், அதுவும் பயிற்சிக் காலத்தில் இருந்தவள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என் கண்ணும் கலங்கியிருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்துகொண்டு, கிழித்த தாளுக்குப் பதிலாக இன்னொரு தாளை எடுத்து ஒரே மூச்சில் எழுதினேன்: 'வெண்ணெய் திரண்டபோது தாழியை உடைத்தார் நவோத்னா'.

தலைப்பு பிரமாதம் என்றார்கள். மூன்று பத்தி அகலத்தில் வந்தது.

பழமொழியில் தாழி உடைகிறது, யாரும் உடைப்பதில்லை. அந்த வினையை மாற்றி, உடைத்த கை உங்களுடையது என்று எழுதியது நான். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த இடத்தில் 'தாழி உடைந்தது' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் உருகுகிறாள் என்று சொல்லி அதைத் திருத்தியிருப்பார்கள்; திருத்தியவர் இன்னும் மோசமாக எழுதியிருப்பார். இப்படி நினைத்துச் சமாதானம் செய்துகொண்டே பல ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும், அந்த வரியை எழுதியபோது எனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி இருந்ததே, அதற்கு யாரைக் குறை சொல்வது?

கோபமும் இருந்தது. நான் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்ததை நீங்கள் உலகமே பார்க்கும் இடத்தில், அதுவும் ஓர் அரச குடும்பத்துப் பெண்மணியின் தோளில் செய்தீர்கள். அந்த ஒரு படம் உங்கள் வாழ்க்கை முழுவதையும் விழுங்கிவிட்டது. இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக 16 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், மூன்று ஒலிம்பிக் பதக்கங்கள் என்று சொன்னால் இன்றும் கேட்பவர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். அழுதவர்தானே என்று கேட்டால் உடனே தலையாட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து, உடைமாற்றும் அறைக்குள் போய் அழுதிருக்கக் கூடாதா என்று உங்களிடம் சண்டை போட்டிருக்கிறேன், மனதுக்குள். அந்தப் படத்துக்குத் தலைப்புக் கொடுத்தவளே இதைக் கேட்பது நியாயமா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து பாரிஸில், பிரெஞ்சு ஓபனில், அமெரிக்காவின் சாண்டா ரூபினுக்கு எதிராகக் கடைசி செட்டில் 5-0, 40-0 வரை போய், எடுத்தால் வெற்றி என்ற ஒன்பது மேட்ச் பாயிண்டுகளை விட்டு 8-6 என்று தோற்றீர்கள். மேசையில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். 'மீண்டும் தாழி' என்று எழுதிக் கொடுத்தேன். இதற்கு நியாயம் எதுவும் சொல்லப் போவதில்லை, அப்போது நான் பயிற்சியில் இல்லை.

அந்த இரண்டாவது சர்வீஸை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பாக மெல்லத் தட்டி விட்டிருந்தால் கிராஃபின் ஃபோர்ஹேண்ட் அதைச் சும்மா விட்டிருக்காது. சர்வீஸ் போட்டதும் வலையை நோக்கி ஓடுவதுதான் உங்கள் ஆட்டம். அந்தத் துணிச்சல்தான் உங்களை 4-1 வரை கொண்டுவந்தது. கை நடுங்கவே இல்லை என்று சாதிக்க மாட்டேன், பிறகு வந்த மூன்று டபுள் ஃபால்ட்டுகள் அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் 40-30இல் தவறிய அந்த இரண்டாவது சர்வீஸ், பயந்தவள் அடித்த பந்தாக எனக்கு இப்போது தெரியவில்லை.

1998 ஜூலை 4 அன்று, 29 வயதில், விம்பிள்டன் இறுதியில் பிரான்சின் நதாலி தோசியாவை 6-4, 7-6 என்று வென்று அதே கோமகளின் முன் மறுபடியும் நின்றீர்கள். அன்று பிரான்சில் உலகக் கோப்பைக் கால்பந்தின் காலிறுதிகள். நெதர்லாந்து அர்ஜென்டினாவை வென்ற செய்திக்கும், நள்ளிரவுக்கு மேல் தொடங்கவிருந்த ஜெர்மனி ஆட்டத்துக்குமாகப் பக்கம் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. உங்களுக்கு அடியில் ஓர் ஓரம் கிடைத்தது. நான் இடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2014இல் உங்கள் ஊர்ப் பெண் பார்போரா கிரெய்ச்சிகோவா, பதினெட்டு வயதில், ஒரு கடிதத்தோடு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நீங்கள் கதவைத் திறந்ததோடு நிற்காமல், கடைசி வரை அவருக்கு ஆட்டமும் சொல்லிக் கொடுத்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த கதை அதோடு முடிகிறது. அவர் 2021இல் பாரிஸிலும், 2024இல் விம்பிள்டனிலும் வென்றார். விம்பிள்டன் சாம்பியன்களின் பட்டியலாக உங்கள் பெயர் இருக்கும் பலகையில் தன் பெயரையும் கண்டபோது அவர் அழுதார். நான் பார்த்த வரையில் யாரும் சிரிக்கவில்லை.

துணுக்கைப் படம் பிடித்து இங்கே போடலாமா என்று யோசித்தேன்; போடவில்லை. பெட்டியின் அடியில், துணுக்கு ஒட்டியிருந்த அதே பசை காய்ந்த நோட்டில், 1998 செய்தியும் இருந்தது. ஒற்றைப் பத்தி, ஒன்பது வரி. தலைப்பு: 'ஜானா சாம்பியன்'.