உப்புக் கொட்டகை

மாப்ளே,

ஆறு மாசமாகக் கடிதம் போடவில்லை என்று திட்டாதே. நீ மட்டும் என்ன கிழித்தாய்? அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மகள் ஏழாவது போகிறாள். வாத்தி இன்னமும் அதே டிவிஎஸ் 50-தான்.

போன வாரம் எங்கள் சாயப்பட்டறையில், துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட். மூன்று நாள் முன்பே கூத்து ஆரம்பம். கேட்டிலிருந்து கேண்டீன் வரை பூந்தொட்டி, கழிவுநீர்த் தொட்டிச் சுவருக்குப் பச்சைப் பெயின்ட். "தம்பி, ஃபைல் சுத்தமா இருக்கணும்" என்றார் முதலாளி. தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை.

தண்ணீரைக் குறை சொல்லவும் முடியாது. வெளியே ஒரு சொட்டு விடுவதில்லை. ஆர்.ஓ.வில் வடித்து, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே போடுகிறோம். முதலாளிகளுக்கு மனசாட்சி வந்தா இதெல்லாம் நடந்தது? நொய்யல் ஆற்று விவசாயிகள் வழக்கில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அந்தப் பூட்டு செய்த வேலை! அன்றைக்கு நாம் டீக்கடையில் உட்கார்ந்து கோர்ட்டைத் திட்டித் தீர்த்தோம். உங்கய்யன் மட்டும் வாயே திறக்கவில்லை. 1992-ல் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை வந்தபோது வாழை வைக்கலாம் என்று கணக்குப் போட்ட மனுஷன். கடைசியில் அணையில் நின்றது நம் சாயத் தண்ணீர். அவர் கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதை நீயும்தானே பார்த்தாய்.

சாயத்தில் கலரை எடுத்துவிடலாம் மாப்ளே, உப்புதான் சனியன். எவ்வளவு பிரித்தாலும் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு கொஞ்சம் மிஞ்சும். அதை மூட்டை கட்டிப் பின்பக்கக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறோம். ஆடிட்டுக்கு வந்த பெண் எல்லாம் பார்த்துவிட்டு அங்கேயும் வந்து நின்றாள்.

"இது எங்கே போகும்?"

"பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றேன். பொய்யில்லை. வருஷக்கணக்காக அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் ஒரு மூட்டை அடியில் கிழிந்து தரையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அதன் மேல் ஷூவை வைத்து நின்றுகொண்டேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

ஆடிட் பாஸ். முதலாளி மைசூர்பாகு கொடுத்தார். அறிக்கையில் 'சுற்றுச்சூழல் பொறுப்பு' பக்கத்தை நான்தான் எழுத வேண்டுமாம். ஒரு வரி நகரவில்லை. சிரிக்காதே.

மழைக்கு முன்னால் கூரையைச் சரிசெய்யச் சொல்லி நாளைக்குக் கேட்கப் போகிறேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. கிணறு யாருடையது என்று ஞாயிற்றுக்கிழமை போய் விசாரிக்க வேண்டும்.

உங்கய்யனிடம் ஷூ விஷயத்தைச் சொல்லிவிடாதே.

உன்
குட்டை