வேலைவெட்டி இல்லாத சீமாட்டிகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சினிமாப் பக்கத்தில், ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து 1995இல் ஆங் லீ இயக்கிய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைப் பற்றி உங்கள் விமர்சகர் எழுதியிருந்தார். பழைய படங்களைத் தேடிப்பிடித்து எழுதுவது நல்ல காரியம்தான். ஆனால் “வேலைவெட்டி இல்லாத சீமாட்டிகள் மாப்பிள்ளை தேடும் அழகான படம்” என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டாரே, அந்த வரியைப் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பினீர்களா? வருஷக்கணக்காகச் சந்தா கட்டுகிறவள் என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

படம் எதில் தொடங்குகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. சாகக் கிடக்கும் தகப்பன், மூத்த தாரத்து மகன் ஜானைக் கூப்பிட்டு, சித்தியையும் தங்கைகளையும் கைவிட்டுவிடாதே என்று வாக்கு வாங்குகிறார். சொத்து முழுக்க ஜானுக்கு. அவனும் நல்லவன் மாதிரி 3,000 பவுண்ட் கொடுக்கலாம் என்றுதான் நினைக்கிறான். அப்புறம் அவன் பெண்டாட்டி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். மூவாயிரம் பாதியாகிறது. பாதி, வருஷத்துக்கு 100 ஆகிறது. நூறும் அதிகம், அவ்வப்போது ஏதாவது கொடுத்தால் போதாதா என்றாகிறது. நாவலில் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, சீசனுக்குக் கொஞ்சம் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. நாலு பொம்பளைகளுக்கு அப்படி என்ன செலவு, வண்டியா குதிரையா என்று கேட்கிறாள் மகராசி. காதல் இன்னும் தலைகூடக் காட்டவில்லை, அதற்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. உங்கள் விமர்சகர் தியேட்டருக்கோ டிவி முன்னாலோ தாமதமாக வந்து உட்கார்ந்திருப்பார் போல.

இந்தக் காட்சி எனக்கு ஏன் மனப்பாடம் என்றால், இதே பேரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அப்பா போனதும் அண்ணன் எங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் என்றார். அடுத்த தடவை போனபோது அது ஐம்பதாயிரம். அப்புறம், “உங்களுக்கெல்லாம்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே, வருஷா வருஷம் பொங்கல் சீர் செய்தால் ஆகாதா?” என்றார் அண்ணி. கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோடைக்குக் கோடை ஒரு கூடை மாம்பழம் என்ற ஏற்பாட்டோடு வீடு திரும்பினோம். அதுவும் சில வருஷங்களில் நின்றுபோனது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாட்டில் திருத்தம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை என்றார்கள். நான் அதற்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவள். 2005இல் மத்தியச் சட்டம் வந்தபோது எங்கள் பத்திரம் பதிவாகிப் பழசாகியிருந்தது. ஆகவே ஐயா, சீமாட்டிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

படத்தில் ஒரு காட்சி. குதிரையில் போகும்போது ஃபேனியின் உடன்பிறந்தவன் எட்வர்ட், தனக்கு உருப்படியாக வேலை எதுவும் இல்லை என்று வருத்தப்படுகிறான். நம் இருவர் நிலைமையும் ஒன்றுதான் என்கிறான். அதற்கு அந்தத் தங்கைகளில் மூத்தவள் எலினார், உங்களுக்குச் சொத்தாவது வந்து சேரும், எங்களால் சம்பாதிக்கக்கூட முடியாதே என்கிறாள். ‘வேலைவெட்டி இல்லாத’ என்று எழுதியவருக்கு 1995இலேயே பதில் சொல்லிவைத்துவிட்டார் திரைக்கதை எழுதிய எம்மா தாம்சன். அந்தத் திரைக்கதைக்குத்தானே ஆஸ்கர் கொடுத்தார்கள்? குடிசைக்கு மாறிய பிறகு, சர்க்கரையை நிறுத்தினாய், மாட்டுக்கறியையும் நிறுத்தப்போகிறாயா என்று அம்மா கேட்கிறாள். ராத்தல் பத்து பென்ஸுக்குக் குறைந்து எங்கும் இல்லை என்று கணக்குச் சொல்கிறாள் எலினார். எலினாரின் தங்கை மேரியனைக் காதலித்த வில்லபி, அவளை விட்டுவிட்டு ஓடியது 50,000 பவுண்ட் உள்ள பெண்ணிடம். இதில் எந்த இடத்தில் பணம் இல்லை, சொல்லுங்கள்.

நாவலில் இது இன்னும் கசப்பு. எஸ்டேட் கைமாறுவது ஒரு கிழவரின் உயிலால். தன்னைக் கூடவே இருந்து கவனித்துக்கொண்ட பெண்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண்ட் மட்டும் எழுதிவைத்துவிட்டு, எப்போதாவது வந்துபோன ஜானின் சின்னப் பையனின் மழலையில் மயங்கி, மிச்சம் எல்லாம் அவனைச் சேரும்படி கட்டிவைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். இதை எழுதிய ஜேன் ஆஸ்டினும், 1805இல் தகப்பனார் இறந்தபின், தாயோடும் தமக்கையோடும் அண்ணன் தம்பிகள் கொடுத்ததில் காலம் தள்ளியவர்தான். 1811இல் ‘ஒரு பெண்மணி’ என்று மட்டும் போட்டு, பேர் போடாமல், நட்டம் வந்தால் தன் தலையில் என்ற ஏற்பாட்டில் வெளியிட்டார். 140 பவுண்ட் லாபம் வந்தது. அவருடைய அத்தை ஒருவர், இங்கிலாந்தில் வரதட்சணைக்கு வழியில்லாமல், 1752இல் கப்பலேறி மதராஸ் வந்து, மறுவருஷம் நம் கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை தேடி அலைவது என்றால் அதுதான் ஐயா.

இதே நாவலைத் தழுவி 2000இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ பற்றி உங்கள் விமர்சகர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலும் தாத்தா உயிலில் எல்லாவற்றையும் மகனுக்கு எழுதிவிடுவார். மகளும் பேத்திகளும் வீட்டை விட்டுச் சென்னைக்கு வருவார்கள். ஆனால் அக்காவுக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கிறது. ஆஸ்டினின் பெண்களுக்குக் கிடைக்காதது அதுதான். ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். எழுதமாட்டார்கள், அந்த இடத்தில் நடிகையின் கவுனைப் பற்றி இரண்டு பத்தி போட்டாகிவிட்டதே.

அந்தக் கவுனையும் ‘விக்டோரியா காலத்து உடை’ என்கிறார். ஆஸ்டின் இறந்தது 1817. விக்டோரியா பிறந்ததே 1819. படக்குறிப்பில் எலினாராகக் கேட் வின்ஸ்லெட், மேரியனாக எம்மா தாம்சன் என்று மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். போன வருஷம் புதிர்ப் பக்கத்தில் ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதியது ஜேன் ஆஸ்டின் என்று விடை போட்டதற்கு அப்போதே கடிதம் எழுதினேன். எமிலி ப்ரான்ட்டிக்காக யாரும் கவலைப்படவில்லை. வாசகர் கடிதப் பக்கத்தைப் பாதியாக்கி ஜோசியத்துக்குக் கொடுத்ததற்கும் எழுதினேன். அதுவும் பாதிப் பக்கத்தில் இடம் இல்லாமல் போயிருக்கலாம்.

தங்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. தாங்கள் படித்தவர், இதெல்லாம் தெரிந்தவர். எனக்கு வேண்டியது இரண்டே வரித் திருத்தம்: படக்குறிப்பில் பேர்கள் மாறிவிட்டன என்று ஒன்று, உடை விக்டோரியா காலத்தது அல்ல என்று ஒன்று. அடுத்த இதழில் ஜோசியத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டாலும் சரி. அப்படியே, தபாலில் வரும் பிரதியை மடிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். புதிர்க் கட்டங்கள் மடிப்பில் போய்விடுகின்றன.

பெயரை வெளியிட வேண்டாம். அண்ணி வீட்டிலும் உங்கள் இதழ்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
மயிலாடுதுறை