பயிற்சி போதும், கூட நிற்க ஓர் ஆள் வேண்டும்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறைச் செயலர் அவர்களுக்கும், மாநில ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு தம்பிக்கு நான் அக்கா. தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது, காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. ஆரம்பநிலைப் பயிற்சி, சிறப்புப் பள்ளி என்று குழந்தைகளுக்காக இந்த மாநிலம் செய்திருப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் தம்பியே அதில் வளர்ந்தவன்தான். ஆனால் சட்டம் சொல்லும் இலவசக் கல்வி 18 வயதோடு முடிந்துவிடுகிறது. பள்ளி வேன் வருவது நின்ற பிறகு இன்னும் நாற்பது, ஐம்பது வருட வாழ்க்கை பாக்கி இருக்கிறது. இந்த மடல் அதைப் பற்றியது.

பதினெட்டுக்கு மேல் என்ன என்று யாரைக் கேட்டாலும் வரும் பதில் தொழிற்பயிற்சி. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் மூலம் மானியம் கொடுத்து அரசே நடத்துகிறது. தனியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். போய்ப் பாருங்கள்: மெழுகுவத்தி, பினாயில், காகிதக் கவர், மிதியடி. தீபாவளிக்கு ஸ்டால் போட்டால் நல்ல மனசுக்காரர்கள் வாங்குவார்கள். தை பிறந்ததும் சரக்கு அப்படியே அலமாரியில் இருக்கும். என் தம்பியும் வருடக்கணக்கில் கவர் ஒட்டினான். பத்து வருடம் ஒரே வேலையைச் செய்தவனை வேறு தொழிலில் மேஸ்திரி என்பார்கள். இங்கே அவன் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறான். சம்பளமும் கிடையாது, ஊக்கத்தொகை என்று ஏதோ கொடுப்பார்கள்.

இந்த முறையின் அடிப்படையே தலைகீழ் என்பது என் கருத்து. முதலில் மையத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடு, தேறியதும் வேலைக்கு அனுப்பு என்கிறோம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரிய சிரமமே, ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான். மையத்து மேசையில் அழகாக மடிப்பவன், கம்பெனி சத்தத்தில், புது முகங்களுக்கு நடுவில் திகைத்து நிற்பான். அதனால் உலகத்தில் பல இடங்களில் இதைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் உண்மையான வேலையில் சேர்த்துவிடு, அப்புறம் அந்த இடத்திலேயே கற்றுக்கொடு. கற்றுக்கொடுக்கக் கூடவே ஒரு ஆள் போவார். அவரை ஜாப் கோச் என்பார்கள்.

இது இங்கே நடக்குமா என்று கேட்பீர்கள். கொஞ்ச காலம் நடந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் என் தம்பிக்கு ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. கோச்சாக வந்தவர் சிறப்புக் கல்வி படித்த ஓர் இளம்பெண். ஆரம்பத்தில் நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே நின்றார். அவன் வேலையை அவர் செய்யவில்லை. அவன் எங்கே தடுக்குகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

தடுக்கிய இடம் எண்ணிக்கை. ஒரு பெரிய பாலிபேக்கில் ஆறு பீஸ்: எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. தம்பிக்கு எண்ணத் தெரியாது, எழுத்தும் தெரியாது. கோச் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து ஆறு கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த சைஸ் ஸ்டிக்கரை ஒட்டினார். ஸ்டிக்கரைப் பார்த்து அதேபோல் இருக்கும் பீஸை அதன்மேல் வை. கட்டம் எல்லாம் நிறைந்தால் பேக்கில் போடு. அவ்வளவுதான். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவன் விடமாட்டான், அந்தப் பிடிவாதம் அவன் பிறவிக்குணம். வீட்டில் எங்களைப் படுத்தியெடுத்த அதே பிடிவாதம் அங்கே தரக்கட்டுப்பாடு ஆகிவிட்டது.

இன்னொன்று, பீஸ் தீர்ந்துபோனால் அவன் பேசாமல் நின்றுவிடுவான். பார்ப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். 'அக்கா, பீஸ்' என்று கேட்க கோச் சொல்லிக் கொடுத்தார். பக்கத்து டேபிள் அக்காக்களுக்கும் சொன்னார்: நீளமாகப் பேசாதீர்கள், செய்து காட்டுங்கள். மெல்ல மெல்ல அவர் அரை நாள் வந்தார், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு போனில் விசாரிப்பதோடு சரி. சனிக்கிழமை சம்பளக் கவருக்கு முதல் ஆளாக நிற்பது மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்தது.

பிறகு திட்டத்துக்கு வந்த நிதி முடிந்தது. கோச் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்து சூப்பர்வைசர் மாறினார். புது ஆர்டரில் சைஸ் கணக்கும் மாறியது. அட்டையில் இருந்த ஆறு கட்டமும் புது ஆர்டரோடு ஒத்துப்போகவில்லை. தம்பி குழம்பினான், புதியவர் சத்தம் போட்டார், இவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று போன் வந்தது. கம்பெனியை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு ஷிப்மென்ட் அவசரம். கோச் இருந்திருந்தால் இன்னோர் அட்டை வெட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு டீ நேரத்து வேலை.

எங்கள் ஆட்களுக்கு வேலை போவது பெரும்பாலும் இப்படித்தான், முக்கியமாக மேலாள் மாறும்போது. ஆகவே நான் கேட்பது திட்டப்பணத்தில் வந்து போகிற ஆள் அல்ல. ஜாப் கோச் என்று ஒரு நிரந்தரப் பணியிடம். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' மையங்கள் திறக்கிறீர்கள், சிகிச்சைகள் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கின்றன, சந்தோஷம். அந்த மையங்கள் ஒவ்வொன்றிலும் பிசியோதெரபிஸ்ட் இருப்பதுபோல் ஒரு ஜாப் கோச் இருக்கட்டும். அவருடைய வேலை மையத்துக்குள் அல்ல, வெளியே கம்பெனிகளிலும் கடைகளிலும். ஆரம்பத்தில் ஒருவருக்கே நிறைய நேரம் போகும், செலவு கூடுதலாகத் தெரியும். ஒருவர் நிலைத்துவிட்டால் கோச் அடுத்தவரிடம் போவார், முதலாமவரைப் பார்க்க அவ்வப்போது வந்தால் போதும். அந்த அவ்வப்போது என்பது மட்டும் வருடக்கணக்கில் நிற்காமல் தொடர வேண்டும். இந்தக் கோச்சுகளுக்குப் பயிற்சி கொடுக்க, சென்னை பக்கத்து முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமே 2005 முதல் இருக்கிறது. சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்து வேலை தேடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அப்புறம், இடஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் தந்தது, உண்மை. அதில் பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒவ்வொரு சதவீதம். மிச்சமுள்ள ஒரே சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாரும் பங்கு போட வேண்டும். அந்தப் பங்கையும் எழுத்துத் தேர்வு வைத்துக் கொடுத்தால் என் தம்பி போன்றவர்களுக்கு எப்படி வரும்? எழுதப் படிக்கத் தெரியாததே அவன் குறைபாட்டின் ஒரு பகுதி. தேர்வுக்குப் பதிலாகச் சில மாதம் வேலையில் வைத்துப் பார்த்து எடுக்கும் வழி வேண்டும். மருத்துவமனைத் துணி மடிப்பு, அலுவலகத் தபால் பிரிப்பு, நர்சரித் தோட்டம் என்று அரசிடமே இதற்கு இடம் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை என்றால் எல்லாரும் கஃபே வைக்கிறார்கள் இப்போது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் மிட்டி கஃபே வந்தது, அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் திறந்துவைத்தார். நல்ல காரியம், நாலு பேர் கண்ணில் படுகிறது. ஆனால் ஊரில் உள்ள அத்தனை பேரும் காபியே போட வேண்டுமா என்ன? திருப்பூரில் பனியன், சிவகாசியில் அச்சகம், கோவையில் பேக்கரி என்று அந்தந்த ஊர் பிழைக்கும் தொழிலில்தான் அந்த ஊர்ப் பிள்ளையும் பிழைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவரைத்தான் கம்பெனிக்குப் பிடிக்கும். தம்பியால் அரை ஷிப்ட்தான் முடியும். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்று 2012-லேயே ஆணை போட்ட அரசு இது. தனியாரிடம் முழுக் கூலி கேட்க முடியாது, புரிகிறது. குறைகிற பங்குக்கு ஒரு மானியம் யோசிக்கலாம். பணியாளர்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி தனியாரை ஊக்குவிக்க வேண்டும் என்று அதே 2016 சட்டம் சொல்கிறதே.

பெற்றோர் ஏன் வேலைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் வருகிற 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, சம்பளம் வாங்கினால் நின்றுவிடுமோ என்று பயம். வேலை ஆறே மாதத்தில் போனால் அதைத் திரும்ப வாங்க எத்தனை படி ஏற வேண்டும்? அரசு ஊழியர் வீடுகளில் குடும்ப ஓய்வூதியம் பற்றியும் இதே பயம். மத்திய அரசு 2021-ல் தன் ஓய்வூதியதாரர்களின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வருமான வரம்பைத் தளர்த்தியது. பகுதி நேரக் கூலியால் எந்த உதவியும் நிற்காது என்று நீங்களும் எழுத்தில் ஓர் ஆணை கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்வதை நம்பி யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

வங்கிக் கணக்கும் ஒரு தலைவலி. கணக்குத் தொடங்கப் போனால் காப்பாளர் சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு கூட வேண்டும். குழு எப்போது கூடும் என்று முன்கூட்டியே அறிவித்தாலே பாதிப் பாரம் குறையும்.

எல்லாராலும் வேலைக்குப் போக முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சாப்பிடவும் குளிக்கவும் துணை தேவைப்படுகிறவர்களுக்குப் பகல்நேர மையம் வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கு நாலு மணி நேரமாவது ஓய்வு வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பா போய்விட்டார். எங்களுக்குப் பிறகு யார் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் 'அதான் அக்கா இருக்காளே' என்கிறார்கள். இருக்கிறேன். ஆனால் நான் ஒரு துறை அல்ல.

சோதித்துப் பார்க்க நினைத்தால் திருப்பூரிலிருந்தே தொடங்குங்கள். அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் 'பேக்கிங், செக்கிங் ஆட்கள் தேவை' என்ற போர்டு தொங்காத கம்பெனி அபூர்வம். ஆளுக்காக ஒடிசா, பீகார் வரை போகிறார்கள். உள்ளூரில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்ற கணக்கு உங்கள் மாவட்ட அலுவலகத்தில் அடையாள அட்டைப் பதிவோடு இருக்கும். ஒரு கோச்சைப் போட்டு, அடுத்த நிதியாண்டு வரை அவரை மாற்றாமல் வையுங்கள். பேசச் சம்மதிக்கும் இரண்டு மூன்று முதலாளிகளை நாங்கள் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தம்பியோடு வாழும் ஓர் அக்கா,
திருப்பூர்