மணிக்கூண்டுப் பொறுப்பாளர்களுக்கு: கடிகார அறையில் ஓர் ஆளை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு நண்பகலில் மணிக்கூண்டின் சுற்றுப்படிகளில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நெருக்கியடித்துச் சிக்கிக்கொண்டது உங்களுக்கே தெரியும். யாருக்கும் பெரிய காயமில்லை என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடக் கூடாது என்றுதான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று. கோபுரம் திறந்திருக்கும் நேரம் முழுக்க, கடிகார அறையில் விவரம் தெரிந்த ஓர் ஆளை நிறுத்துங்கள்.

வருகிற எல்லோருக்கும் 12 மணிக்கு மேலே இருக்கத்தான் ஆசை. அதில் தவறில்லை. ஆனால் 11.30க்கு ஏறியவர்கள் இறங்காமல் மணித்தளத்திலேயே காத்திருக்கிறார்கள், 11.50க்கு வருகிறவர்களுக்கும் கீழே சீட்டைக் கிழித்துக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். சுற்றுப்படியின் ஒவ்வொரு படியும் நடுத்தூண் பக்கம் விரலளவுக்குக் குறுகிவிடும். வெளிச்சுவர் பக்கம்தான் முழுப் பாதமும் பதியும். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் தூண் பக்கம் ஒண்டியாக வேண்டும். ஏறுகிறவர் ஒண்டித் தடுமாறினால் முன்படியில் கையூன்றிக்கொள்ளலாம். இறங்குகிறவர் தடுமாறினால் கீழே வரிசையாக நிற்பவர்கள் மேல்தான் விழுவார். கைப்பிடிக் கயிறும் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

அன்று கைக்குழந்தையோடு ஒரு தாய், இறங்க வழியில்லாமல் படிவாசலிலேயே நின்றார். மணியின் முதல் அடி விழுந்தது. குழந்தையின் இரண்டு காதையும் பொத்தினால் குழந்தையைப் பிடிக்கக் கையில்லை. பிடித்துக்கொண்டால் பொத்தக் கையில்லை. இன்னும் 11 அடி பாக்கி இருந்தது.

லண்டன் பிக் பென் மணியின் ஓசை பக்கத்தில் 118 டெசிபல். அங்கே 334 படி ஏறி வருகிறவர்களைச் சிறு குழுவாக வழிகாட்டியோடுதான் அழைத்துப் போகிறார்கள், காதடைப்பானும் கொடுக்கிறார்கள். 13 டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த மணிக்கு முன் நம்முடையது சிறியதுதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவருக்கு மணி சிறியது என்பது எந்த ஆறுதலும் இல்லை.

இத்தனைக்கும் அந்தக் கடிகாரமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. மணி அடிக்கச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு நெம்புகோல் விடுபட்டு, மணியை அடிக்க வைக்கும் பல்சக்கர வரிசை சற்றே சுழன்று, ஒரு முளையில் தட்டி நிற்கும். 'டக்' என்று சத்தம் கேட்கும். நிமிட முள் உச்சிக்கு வந்ததும் முளை விலகி, சுத்தியல் எழும்பும். கீழே சீட்டுக் கிழிக்கும் இடத்தில் அந்த 'டக்' யாருக்கும் கேட்காது. படிவழியில், மணித்தளத்துக்குக் கீழே உள்ள கடிகார அறையில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். கேட்டதும் ஏறுகிறவர்களை அந்தத் தளத்திலேயே நிறுத்திவிட்டு, மேலே இருப்பவர்களை மணியை விட்டு விலகி நிற்கச் சொல்லிக் குரல் கொடுக்கலாம். அடித்து ஓய்ந்த பின் மேலே இருப்பவர்கள் எல்லோரும் இறங்கட்டும். அதன் பிறகு அடுத்த குழு ஏறட்டும்.

அந்த அறையை நீங்கள் பூட்டி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஊசலை யாராவது தொட்டால் கடிகாரம் நின்றுவிடும். அடிக்கும் நெம்புகோலை விளையாட்டாக ஒருமுறை தூக்கினால் போதும், எத்தனை அடி அடிக்க வேண்டும் என்று கணக்கு வைக்கும் எண்ணிக்கைச் சக்கரம் ஓர் இடம் முந்திவிடும். 1 மணிக்கு 2 அடிக்கும். அந்தச் சக்கரம் பின்னால் திரும்பாது. சரிசெய்ய இன்னும் 11 முறை நெம்புகோலைத் தூக்கி, 2 முதல் 12 வரை மொத்தம் 77 அடி அடிக்கவிட வேண்டும். அடிக்கும் சக்கரங்களை இழுக்கும் எடைக்கல் ஏறக்குறைய அரைநாளில் இறங்கும் தூரம் இறங்கிவிடும், சாவியும் மறுபடி கொடுக்க வேண்டும். ஆனால் பூட்டினால் பார்க்க வந்தவர்களுக்குக் கதவுதான் மிச்சம். ஓர் ஆளும் இடுப்பளவு கம்பித் தடுப்பும் இருந்தால் பல்சக்கரங்கள் சுழல்வதை எல்லோரும் பார்க்கலாம், தொடவும் முடியாது.

முகப்புக்கு இரவு விளக்கு போடக் காசு இருந்தது. நுழைவாயிலில் பெரிய பலகை வைக்கவும் இருந்தது. அந்தப் பலகையில் கோபுரத்தின் உயரம் இருக்கிறது. எத்தனை படி என்பது இல்லை, நடுவில் உட்கார இடமில்லை என்பதும் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் பாதிவழியில்தான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள். திரும்பி இறங்கவும் வழி கிடைக்காது. வெளியே தெரிகிற வேலைக்கெல்லாம் பணம் வருகிறது, உள்ளே ஓர் ஆளுக்குச் சம்பளம் என்றால் மட்டும் வருவதில்லை. இதை எத்தனை முறைதான் சொல்வது?

கோபம் வார்த்தையில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பலகையும் காதடைப்பானும் அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். வருகிற ஞாயிறு 12 மணி அடிக்கும் முன் அந்த அறைக் கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
மணிக்கூண்டின் மேல் அக்கறை கொண்டவர்கள்