டைபாய்டு வந்தது சூப் குடிக்காததாலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'எதிர்ப்பு சக்தி இருந்தால் டைபாய்டு கிருமி குடலைத் தாண்டாது' என்று ஒரு வரி. கீழே முருங்கைக்கீரை சூப் செய்முறை. சூப்பில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எங்கள் வீட்டிலும் வைக்கிறோம். ஆனால் அந்த வரியை என் நாத்தனார் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இதைத்தான் அன்றைக்கே சொன்னேன்' என்று எழுதிவிட்டார். அன்றைக்கு என்றால் 9 வருடம் முன்பு, என் மகன் டைபாய்டில் படுத்திருந்தபோது. பிள்ளைக்கு நான் ஒழுங்காகச் சோறு போடவில்லையாம். மாவட்ட அளவில் கபடி ஆடியவன், உட்கார்ந்தால் எட்டு தோசை. அவனுக்கு எந்தச் சக்தி குறைந்தது என்று உங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

28 வருடம் லேப்பில் ரத்தம் எடுத்தவள் நான். டைபாய்டு கிருமி சேர்ந்த சால்மோனெல்லா இனம், எதிர்ப்பு சக்தியைக் கண்டு ஓடுகிற ரகமே இல்லை. குடல் சுவரில் பேயர் திட்டு என்று காவல் நிலையம் மாதிரி ஓர் இடம் இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இந்தக் கிருமி அந்த வாசல் வழியாகவே உள்ளே போகிறது. பக்கத்துச் செல்களுக்குள் ஊசி போடுவதுபோல் தன் புரதத்தைச் செலுத்த, செல்லே பொங்கி எழுந்து அதை வாரி உள்ளே எடுத்துக்கொள்கிறது. கிருமியைத் தின்று செரிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல் விழுங்கினால், விழுங்கிய பைக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. அப்புறம் அதே செல்லில் சவாரி செய்து ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை போகிறது. டைபாய்டு கிருமிக்கு வி-ஐ என்று ஒரு போர்வை வேறு உண்டு. உடம்பு அடையாளம் கண்டு கூச்சல் போடும் பகுதி அதற்கடியில் மறைந்துவிடும். அதனால்தான் கிருமி உள்ளே போய் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் தெரிகிறது.

சாப்பாட்டில் வந்து வயிற்றைக் கலக்கும் டைஃபிமூரியம் என்ற இன்னொரு சால்மோனெல்லா நேர் எதிர். அதற்கு நம் கூச்சல் வேண்டும். குடலில் அழற்சி ஏற்பட்டு நம் செல்கள் கக்கும் ரசாயனத்தால் டெட்ராதயோனேட் என்ற பொருள் உண்டாகிறது. அதை மூச்சுக்குப் பயன்படுத்தி, குடலில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களை முந்திப் பெருகுகிறது. 2010-லேயே வெளியான செய்தி இது. நம் சண்டையில் அது பிழைக்கிறது! தனக்கு நோயே தெரியாமல் மற்றவர்களுக்கு டைபாய்டு பரப்பிய நியூயார்க் சமையல்காரி மேரி மேலனை 1907-ல் பிடித்துத் தனியே அடைத்தார்களே, அவர் என்ன நோஞ்சானா? ஆள் திடமாகத்தான் இருந்தார், கிருமியும் அவருக்குள் திடமாகத்தான் இருந்தது.

இது முதல் தடவையும் அல்ல. இரண்டு வருடம் முன்பு, 'சால்மன் மீனிலிருந்து பரவுவதால் சால்மோனெல்லா' என்று அச்சிட்டீர்கள். அது டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர். மீன் ஒரு பாவமும் அறியாது. கடிதம் எழுதினேன். அந்த வாரம் வெளியான கடிதம், அட்டைப்பட நடிகையின் புடவை நிறத்தைப் பாராட்டியது. சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு, 'வைடால் பாசிட்டிவ் என்றால் டைபாய்டு உறுதி' என்று ஒன்று. வைடால் டைபாய்டுக்காக 1896-ல் வந்த ரத்தப் பரிசோதனை. எப்போதோ வந்துபோன டைபாய்டுக்கும் பாசிட்டிவ் காட்டும், நோய் இருக்கும்போதே முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டும். என் மகனுக்கு மூன்றாம் நாள் நெகட்டிவ்தான். வைரல் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்கள். ஆன்டிபயாடிக் தொடுவதற்கு முன், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுத்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தேன், அதில்தான் கிருமி வளர்ந்தது. அடம்பிடிக்க லேப் தெரிந்த அம்மா எல்லோருக்கும் கிடைப்பாரா?

நான் கேட்பது அதிகமில்லை. 'திடமான உடம்புக்காரருக்கும் டைபாய்டு வரும்' என்று திருத்தம் ஒரு வரி போடுங்கள். குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே இருந்தாலும் போதும். என் நாத்தனார் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
1991 முதல் தங்கள் சந்தாதாரர்,
விருதுநகர்.