தமிழ்ப் பட இயக்குநர்களுக்கு வடசென்னை ராயபுரத்திலிருந்து ஒரு மடல்

இயக்குநர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நடிகர் டேனியல் பாலாஜியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். 2024 மார்ச் 29 ராத்திரி மாரடைப்பில் போய்விட்டார், 48 வயதுதான். உடலைப் புரசைவாக்கம் வீட்டில் வைத்திருந்தார்கள். அன்றைக்கு என் போனுக்கு வந்த வீடியோ எல்லாமே 'வேட்டையாடு விளையாடு' பட வில்லன் அமுதன்தான். நல்ல வேஷம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மனுஷனிடம் இருந்தது அது மட்டுமா?

எங்கள் அம்மாவுக்கு அவர் 'சித்தி' சீரியல் டேனியல். டி.சி.பாலாஜியாகப் பிறந்தவருக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே கடைசி வரை முன்னால் ஒட்டிக்கொண்டது. நடிக்க வருவதற்கு முன்பே கமல் சாரின் 'மருதநாயகம்' படப்பிடிப்பில் தயாரிப்பு வேலை பார்த்தவர், அதாவது கேமராவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர். 2003-இல் 'காக்க காக்க' வந்தது. அதில் அவர் போலீஸ்காரர் ஸ்ரீகாந்த். மனைவியைக் கடத்திவிட்டார்கள் என்றதும் நண்பனுக்கும் அவளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உடைந்துபோவாரே, அந்த முகத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அப்படி அழத் தெரிந்த நடிகருக்கு, 2006-இல் அமுதன் வந்த பிறகு, அழுகிற வேஷம் எத்தனை கொடுத்தீர்கள்? கண்ணை உருட்டச் சொன்னீர்கள், கத்தியைக் கையில் கொடுத்தீர்கள், அவரும் ஒவ்வொரு தடவையும் முழு மனசோடு செய்தார்.

2007-இல் 'பொல்லாதவன்' ரவி எங்களுக்கு ரொம்ப நெருக்கம். அண்ணன் செல்வம் நிதானம், தம்பிக்கு எல்லாவற்றிலும் அவசரம், அண்ணன் தன்னையும் ஓர் ஆளாக மதிக்க வேண்டும் என்கிற தவிப்பு. அந்தத் தம்பியை எங்கள் பக்கம் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் பார்க்கலாம், ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரையும் வெட்டியதில்லை. 2018-இல் 'வடசென்னை'யில், 'பொல்லாதவன்' எடுத்த அதே வெற்றிமாறன் அவரைச் சத்தம் போடாத ஆளாகக் காட்டினார். சரி, இன்னும் நிறைய வரும் என்று நினைத்தேன். அடுத்த வருஷமே 'பிகில்', மறுபடி வில்லன்.

கண் இரண்டையும் தானம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கண்ணைக் காட்டித்தான் இத்தனை வருஷம் எங்களைப் பயமுறுத்தினீர்கள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருப் பையன் ஒருவன் ஹார்பர் பக்கம் லாரியில் கிளீனர், லீவு கிடைக்கிற நாளெல்லாம் வடபழனி, சாலிகிராமம் என்று ஆடிஷனுக்கு அலைகிறான். எந்த ஊர் என்று கேட்பார்களாம், ராயபுரம் என்றதும் சட்டையைக் கழற்றி முறைக்கச் சொல்வார்களாம். ஆறு தடவை போனான், ஆறு தடவையும் அடியாள் வேஷம்தான். அவன் அவ்வளவு நன்றாகச் சிரிப்பான் அண்ணா, சின்னப் பிள்ளைகளெல்லாம் அவனிடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவருக்கும் பெண்ணைக் காலேஜில் சேர்க்க வேண்டிய கவலை இருக்கிறது. மூலக்கொத்தளத்தில் ஸ்கூல் வாத்தியார் இருக்கிறார், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற வார்டு பாய் இருக்கிறார். இவர்களை எழுதுங்கள். எழுதிவிட்டு, வில்லன் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கிற துணை நடிகர்களைக் கூப்பிட்டு அந்த வேஷத்தைக் கொடுங்கள், அவர்கள் இருக்கும்போதே.

எங்கள் தெருப் பையன் போன வாரம் புதிதாக ஒரு போட்டோ எடுத்திருக்கிறான். சட்டையோடு, சிரித்துக்கொண்டு. அடுத்த ஆடிஷனுக்கு அதைத்தான் கொண்டுவருவான்.