செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வடசென்னைக் கல்லூரிகளில் இளங்கலைக் கணிதமும் புள்ளியியலும் நடத்துகிற ஆசிரியர்களாகிய நம் மன்றத்தின் ஓராண்டு வேலையைச் சபையில் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. ஜூன் 29, புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் பிறந்த நாளான புள்ளியியல் நாளில் கூட்டம் நடந்தது. டிசம்பர் 22 கணித நாள் கூட்டமும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வருகை குறைவு. பணி ஓய்வு பெற்ற இருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

அடுத்து, சனிக்கிழமை வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு பி.எஸ்சி. கணிதத்துக்கு வருகிற பிள்ளைகள் முதல் பருவத்திலேயே வாயடைத்துப் போவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். சார்பு, அணி, எல்லை, திட்ட விலக்கம் எல்லாம் அவர்கள் படித்து வந்தவைதான். ஃபங்ஷன், மேட்ரிக்ஸ், லிமிட், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று கேட்டதும் ஏதோ புதுப் பாடம் என்று மிரண்டுவிடுகிறார்கள். சந்தேகம் கேட்பதில்லை. நாமும் 'வீக்' என்று குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் குறித்தேன். அந்தப் பிள்ளைகளின் முகம் இப்போது நினைவுக்கு வரும்போது மனசு கனக்கிறது.

அதனால்தான் ஆகஸ்ட் 10 முதல், சனிக்கிழமை மாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை, தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் மாடியில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தோம். தமிழில் சொல்வது, அப்புறம் அதே வரியை ஆங்கிலத்தில் எழுத வைப்பது. இவ்வளவுதான் முறை. எல்லை என்றால் என்ன என்று சொல்லும் எப்சிலான்-டெல்டா வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள். எப்சிலானை எதிராளி கொடுப்பார், அதற்குத் தகுந்த டெல்டாவை நாம் தேடிக் காட்ட வேண்டும், அவர் எவ்வளவு சின்னதாகக் கொடுத்தாலும் காட்ட வேண்டும் என்று சொன்னதும் பாதிப் பேருக்குப் பிடிபட்டுவிட்டது. எது முன்னால், எது பின்னால் என்ற குழப்பம்தான் அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் ஒரு வாரம் புள்ளியியல். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு ஸ்டாப்பில் நின்று பஸ் வரும் நேரங்களைக் குறித்து வரச் சொல்லியிருந்தேன். எண்ணூரிலிருந்து வரும் ஒரு மாணவி, மூன்று வாரமாகக் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். "மேம், சராசரியா 20 நிமிஷத்துக்கு ஒரு பஸ். அப்போ 10 நிமிஷம்தானே காத்திருக்கணும்? நான் என்னைக்குப் போனாலும் அதுக்கு மேலதான் ஆகுது" என்றார்.

சாக்பீஸைக் கையில் கொடுத்தேன். டிராஃபிக்கில் மாட்டி இரண்டு பஸ் ஒட்டி ஒட்டி வருகிறது. ஒரு பேச்சுக்கு இடைவெளி 5 நிமிடம், 35 நிமிடம் என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்வோம் என்றேன். சராசரி இடைவெளி 20தான். அவர் 40 நிமிடத்துக்கு ஒரு கோடு போட்டு, 5-இல் ஒரு வெட்டு வெட்டினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேம், எந்த நேரத்துல வந்தாலும் எட்டுப் பேர்ல ஏழு பேர் இந்தப் பெரிய இடைவெளியிலதான் மாட்டுவாங்க." அப்புறம், சராசரியாக இடைவெளியில் பாதி நேரம் காத்திருப்பு என்று வைத்து, கணக்கை அவரே போட்டார்: எட்டில் ஒரு பங்கு பேருக்கு 2.5 நிமிடம், எட்டில் ஏழு பங்கு பேருக்கு 17.5 நிமிடம், மொத்தத்தில் 15.625 நிமிடம். மாறுபாடு கூடினால் சராசரி காத்திருப்பும் கூடும் என்பதை நான் இருபது வருடமாக வாய்பாடாக எழுதிப் போட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு பதினெட்டு வயதுப் பெண் அதைக் கோட்டில் காட்டினார். அடுத்த வாரத்திலிருந்து அவர் முதல் பெஞ்ச்.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலால் வகுப்பு இல்லை. ஏப்ரலில் பருவத் தேர்வு நெருங்கிவிட்டது. அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டுப் பிள்ளைகள் சிலர் அந்த நாட்களில் ஏதாவது வேலைக்குப் போய்விடுகிறார்கள். வருகை குறைந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உறுப்பினர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஜூன் கூட்டத்தில் 12 பேர், ஆளுக்கு இரண்டு சனிக்கிழமை எடுப்பதாகப் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவர் கௌரவ விரிவுரையாளர்கள். வேலை நிரந்தரம் இல்லாதவர்கள் சொந்தக் காசில் பஸ் ஏறி வந்தார்கள். விடைத்தாள் திருத்தம், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் வேலை எல்லாம் எனக்கும் உண்டு. வர முடியாது என்று வெள்ளிக்கிழமை ஒரு போன் செய்திருந்தால் போதும். மாடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, சனிக்கிழமை இரண்டே முக்காலுக்குச் செய்தி வந்தால் நான் என்ன செய்வேன்?

கணித மேதை இராமானுஜன், அந்தக் காலத்தில் பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் தவறியவர். 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு நம் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் அந்த வேலையில்தான் இருந்தார். ராயபுரத்தில் 1993-இல் அவருக்கு அருங்காட்சியகம் அமைத்த பி.கே. சீனிவாசன் ஒரு பள்ளி ஆசிரியர். இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிற நாம், மார்க் குறைந்த பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எப்படி முடிவு கட்டுவது?

கணக்கு விவரம்: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பொருளாளர் தனியாக வாசிப்பார். ஜெராக்ஸ், டீ, கரண்ட் பில் ஆகியவை முக்கியச் செலவுகள். இரண்டு மாத ஜெராக்ஸை நான் கொடுத்தேன், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 43 உறுப்பினர்களில் 19 பேர் கட்டியிருக்கிறார்கள். பாக்கி வைத்தவர்கள் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை.

மாடியை வாடகை வாங்காமல் கொடுத்த படிப்பகத்தாருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், வகுப்பெடுத்த நால்வருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டு வகுப்பை ஜூலை இரண்டாம் சனிக்கிழமை ஆரம்பிக்க எண்ணம். போன வருடப் பிள்ளைகளில் ஐந்து பேர், அந்த எண்ணூர் மாணவியும் சேர்த்து, புதுப் பிள்ளைகளுக்கு உதவ வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர் இல்லாமல் அவர்களை மட்டும் விட முடியாது. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் படிப்பகச் சாவியை இன்றைக்கே கொடுத்துவிடுவேன். வகுப்புக்கு மட்டும் தொடர்ந்து வருவேன். முறைப்பட்டியல் நோட்டு வாசல் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் ஆறு சனிக்கிழமைகளுக்கு எதிரே இன்னும் பெயர் இல்லை.

இங்ஙனம்,
செயலாளர்